15 நாளுக்கு ஒருமுறை திறக்கும் ஆப்

குன்னூரில் பெட்ஃபோர்டுக்கு ஏறுகிற வழியில் இருக்கும் டீக்கடையில் மூன்று டீயும் ஒரு தட்டு வர்க்கியும் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். அக்கா மகன் லேப்டாப்பைத் திறந்து ஓர் அட்டவணையைக் காட்டினான். இடப்பக்கம் 11 கருவிகளின் பெயர். மேலே 38 வசதிகள். குறுக்கே பச்சையில் டிக், சிவப்பில் பெருக்கல் குறி. மூன்று வாரமாக இதே வேலைதானாம்.

“எதை எடுக்கலாம்னு நீங்களே சொல்லிடுங்க மாமா.”

சென்னையில் இருபது வருடம் மென்பொருள் வேலை பார்த்துவிட்டுக் குன்னூருக்குத் திரும்பியவன் நான். குடும்பத்தில் கம்ப்யூட்டர் சம்பந்தமாக எது வந்தாலும், பிரின்டர் ரிப்பேர் உட்பட, என்னிடம்தான் வரும்.

அவனோடு ஒரு பெண்ணும் வந்திருந்தாள். கோத்தகிரிப் பக்கம் ஹட்டி என்று சொல்லும் ஒரு மலைக் கிராமத்தைச் சேர்ந்தவள். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. இவர்கள் ஐந்து பேர் சேர்ந்து சிறு விவசாயிகளுக்கு ஓர் ஆப் செய்திருக்கிறார்கள். எந்தத் தேதியில் எத்தனை கிலோ இலை போட்டோம், ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழித்தார்கள், என்ன விலை வந்தது, பாக்கி எவ்வளவு என்று குறித்துவைத்துக்கொள்ளலாம். 3,000 பேர் போனில் இருக்கிறது. அந்த 3,000 பேரும் ஆப்புக்குள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு ப்ராடக்ட் அனலிட்டிக்ஸ் கருவி வேண்டும். மிக்ஸ்பேனலா, ஆம்ப்ளிட்யூடா, போஸ்ட்ஹாகா, கூகுளா என்பதுதான் பிரச்சினை.

“அட்டவணையை மூடு. டீ ஆறிடும்,” என்றேன்.

இந்தக் கருவிகள் செய்கிற வேலை அடிப்படையில் ஒன்றுதான். ஒருவர் ஆப்பைத் திறக்கிறார். ‘எடை சேர்’ என்ற பொத்தானை அழுத்துகிறார். கிலோவைத் தட்டுகிறார். ஃபேக்டரியைத் தேர்ந்தெடுக்கிறார். சேமிக்கிறார், அல்லது பாதியில் விட்டுவிட்டு வாட்ஸ்அப்புக்குப் போய்விடுகிறார். இதில் ஒவ்வொன்றும் ஓர் ஈவென்ட். யார், என்ன செய்தார், எப்போது செய்தார், கூடவே சில விவரம்: இவ்வளவுதான் ஓர் ஈவென்ட்டுக்குள் இருக்கும். திறந்த நூறு பேரில் எத்தனை பேர் சேமிப்பதுவரை போனார்கள் என்று படிப்படியாகக் காட்டினால் அதற்குப் பெயர் ஃபனல். முதல்முறை வந்தவர் மறுபடி வந்தாரா என்று பார்த்தால் ரிட்டென்ஷன். ஒரே மாதத்தில் சேர்ந்தவர்களை ஒரு கூட்டமாக வைத்துப் பார்த்தால் கோஹார்ட். அட்டவணையில் இருந்த 11 கருவிகளில் அநேகமாக எல்லாமே இந்த மூன்றையும் நன்றாகவே செய்யும். பச்சை டிக்குகளை எண்ணி ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே முடியாது என்பதற்கு அதுதான் காரணம். ‘யார்’, ‘என்ன’, ‘எப்போது’ என்ற மூன்றையும் ஒவ்வொரு கருவியும் எப்படிக் கையாள்கிறது என்பதில்தான் வித்தியாசம். அதிலும் ‘எப்போது’ என்பதை யாரும் கவனிப்பதில்லை. மலையில் இருப்பவர்களுக்கு அதில்தான் அடி விழும்.

“எங்க கஷ்டமே வேற மாமா. ஒரு நாளைக்கு 140 பேர்தான் ஆப்பைத் திறக்கிறாங்க. 3,000-ல 140. அஞ்சு சதவீதம்கூட இல்ல. நல்ல கருவி இருந்தா ஏன்னு கண்டுபிடிக்கலாம்னு பார்த்தோம்.”

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். “உங்க அப்பா எத்தனை நாளைக்கு ஒருமுறை கொழுந்து எடுக்கிறார்மா?”

“பத்திலருந்து பதினஞ்சு நாள் சார். இப்ப மாதிரி மழை நல்லா இருந்தா சீக்கிரம் வரும். பனி விழ ஆரம்பிச்சா தள்ளிப்போயிடும்.”

“எடுக்காத நாள்ல ஆப்பைத் திறப்பாரா?”

“எதுக்கு சார்?”

பில் துண்டைத் திருப்பி அதன் பின்பக்கம் எழுதினேன். ஒரு வட்டம் 14 நாள் என்று வைத்துக்கொள்வோம். 3,000 பேரும், ஒருவர் விடாமல், வட்டத்துக்கு ஒருமுறை எடை குறித்தால்கூட ஒரு நாளைக்கு வருவது 214 பேர். இவர்களுக்கு வருவது 140. 140-ஐ 14-ஆல் பெருக்கினால் 1,960. அதாவது மூன்றில் இரண்டு பேர் ஒவ்வொரு வட்டத்துக்கும் வந்துபோகிறார்கள். ஞாயிறு, அடைமழை நாள் என்று கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் அஞ்சு சதவீதம் என்று மூன்று வாரமாகத் தூக்கம் கெட்டது வீண்.

மாப்பிள்ளை அந்தத் துண்டுச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தினமும் எத்தனை பேர் என்கிற கணக்கு தினமும் பார்க்க வேண்டியவற்றுக்குப் பொருந்தும். ஃபேஸ்புக்குக்குப் பொருந்தும். தேயிலைச் செடிக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் நிறையக் கருவிகளைத் திறந்த உடனே முதல் திரையில் நிற்பது இந்தத் தினசரிக் கணக்குதான். வாரக் கணக்குக்கு மாற்றினாலும் தொல்லை தீராது. 14 நாள் வட்டத்தை 7 நாளாக வெட்டினால் ஒரு வாரம் ஆளைக் காணோம், அடுத்த வாரம் திரும்பி வந்தார் என்று ரம்பப் பல் மாதிரி வரைபடம் ஏறி இறங்கும். ஆகவே முதல் கேள்வி இது: ரிட்டென்ஷனைப் பார்க்கும்போது நாள் இடைவெளியை நாமே வகுத்துக்கொள்ள முடியுமா? ஆம்ப்ளிட்யூடிலும் மிக்ஸ்பேனலிலும் முடியும். 0 முதல் 9, 10 முதல் 18, 19 முதல் 30 என்று நமக்கு வேண்டிய மாதிரி வெட்டிக்கொள்ளலாம். அட்டவணையின் 38 வசதிகளில் இது இல்லை. ‘ரிட்டென்ஷன் உண்டு’ என்று ஒரே டிக்கோடு முடித்திருந்தான்.

இரண்டாவது டீ வந்தது. தேயிலை விளைகிற ஊரின் டீக்கடையில் டஸ்ட் டீதான் கிடைக்கும் என்பது வெளியூர்க்காரர்களுக்கு எப்போதும் ஆச்சரியம். அது வேறு கதை.

வட்டத்தை விடப் பெரிய காலம் ஒன்று இருக்கிறது, சீசன். இதில் நானே பட்டிருக்கிறேன். ஊட்டியில் தங்கும் அறைகளைப் பதிவு செய்கிற ஒரு தளத்துக்குக் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். ஏப்ரல், மே மாதங்களில்தான் அந்தத் தொழிலின் உயிர். 1896-இல் தொடங்கிய மலர்க் கண்காட்சி நடக்கும் வாரத்தில் மற்ற மாதங்களின் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து மோதும். 2024 ஜூனில் முதலாளி கூப்பிட்டு, “போன வருஷ மே மாசத்தோட ஒப்பிட்டா இந்த மே பதிவு குறைஞ்சிருக்கு, ஏன்?” என்று கேட்டார். 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கு வர இ-பாஸ் கட்டாயமாகியிருந்தது. நாங்களும் அதே மாதம் பணம் கட்டும் பக்கத்தை மாற்றியிருந்தோம். குறைந்தது இ-பாஸாலா, எங்கள் புதிய பக்கத்தாலா? போன வருடம் எந்தப் படியில் எத்தனை பேர் விட்டுப்போனார்கள் என்று எடுத்துப் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். எடுக்கப் போனேன். இல்லை.

கூகுள் அனலிட்டிக்ஸின் இலவசப் பதிப்பில், ஆள்வாரியான விவரம் நாம் கைவைக்காவிட்டால் 2 மாதம்தான் தங்கும். அமைப்புக்குள் போய் மாற்றினால் 14 மாதம். அதற்கு மேல் கிடையாது. மொத்த எண்ணிக்கை காட்டும் வழக்கமான அறிக்கைகள் இருக்கும். உள்ளே தோண்டிப் பார்க்க முடியாது. கணக்குத் தொடங்கிய நாளில் ஒரு நிமிடம் செலவழித்து 14 என்று மாற்றியிருக்க வேண்டியவன் நான். மாற்றவில்லை. முதலாளியிடம் இ-பாஸ்தான் காரணம் என்று சொல்லிவிட்டேன். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

14 மாதம் என்பதும் ஒரு சீசனை முந்தைய ஒரு சீசனோடு ஒப்பிடத்தான் காணும். மூன்று சீசனை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் ஈவென்ட்டுகளை அவ்வப்போது நம் கைக்கு இறக்கிக்கொள்ள வேண்டும். கூகுளில் தினம் 10 லட்சம் ஈவென்ட் வரை பிக்குவெரி என்ற அதன் தரவுக் கிடங்குக்கு அனுப்பிவைக்க வழி இருக்கிறது. எந்தக் கருவியானாலும் சரி, மூலத் தரவை முழுசாக வெளியே எடுக்க முடியுமா என்று கேட்காமல் எடுக்காதீர்கள். கருவியே ஒருநாள் கடையைக் கட்டலாம். கூகுளின் பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1-இல் புதுத் தரவு வாங்குவதை நிறுத்தியது. அடுத்த வருடம் பழையதைப் பார்க்கும் வழியும் மூடப்பட்டது. வருடக்கணக்கில் சேர்ந்ததை இறக்கி வைக்காதவர்கள் இழந்தார்கள்.

இன்னொன்று, சின்ன வசதிதான். வரைபடத்தின் மேல் ஒரு தேதியில் குறிப்பு எழுதிவைக்க முடிய வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் நீலகிரிக்குள் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பு வந்தது. அறை விற்கிறவர் அந்தத் தேதியில் ஒரு கோடு போட்டு எழுதவில்லையென்றால், இரண்டு வருடம் கழித்து வேலைக்குச் சேரும் பையன் அந்தப் பள்ளத்தைப் பார்த்து ஆப்பில்தான் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பான். இவர்களுக்கு அந்தத் தேதிகள் வேறு. தேயிலை வாரியம் பச்சைத் தேயிலைக்கு மாத விலை அறிவிக்கும் நாளில் ஆப்பை எல்லாரும் திறப்பார்கள். அன்றைக்கு ஏறும் கோட்டைப் பார்த்துவிட்டு, முந்தின நாள் பொத்தானின் நிறத்தை மாற்றியதால்தான் என்று யாராவது கை தட்டிவிடக் கூடாது.

வெளியே மஞ்சு இறங்கிவிட்டது. எதிர்க்கடை பெயர்ப்பலகை தெரியவில்லை. மாப்பிள்ளையின் போனில் ஒரு கோடு சிக்னல்.

மூன்றாவது விஷயம் இதுதான். தோட்டத்துக்குள் பள்ளத்தில் நிற்கிறவர் எடையைக் குறிக்கிறார். சிக்னல் இல்லை. ஆப் அதைப் போனிலேயே வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் அனுப்பும். அப்போது அந்த ஈவென்ட்டின் நேரம் எது? விரல் பட்ட நேரமா, சர்வருக்கு வந்து சேர்ந்த நேரமா? வந்து சேர்ந்த நேரத்தை எழுதிக்கொண்டால், இந்த ஊர் விவசாயிகள் எல்லாரும் சாயந்தரம் பஸ் நிலையத்தில் நின்றுதான் இலை எடை போடுகிறார்கள் என்று வரைபடம் சொல்லும். விரல் பட்ட நேரத்தை எழுதினால், தேதி தப்பாக வைத்திருக்கும் போனிலிருந்து 2015-ஆம் ஆண்டு ஈவென்ட்டும் வரும். இரண்டையும் வைத்துக்கொண்டு, தேவையானதை எடுத்துப் பார்க்க விட வேண்டும்.

“நம்ம ஆப் போன் நேரத்தைத்தான் எழுதும் மாமா. அதெல்லாம் சரியா பண்ணிட்டோம்,” என்றான்.

சரி. ஆனால் கருவி அதை ஏற்றுக்கொள்ளுமா? மிக்ஸ்பேனலில் வழக்கமான வழியாக வரும் ஈவென்ட் 5 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. அதற்கு மேல் போனால் இறக்குமதி என்று தனி வாசல் வழியாக அனுப்ப வேண்டும். கூகுளில் நம் சர்வரிலிருந்து முன்தேதியிட்டு அனுப்புவதென்றால் 72 மணி நேரம்தான் கெடு. நகரத்தில் இருப்பவருக்கு இந்த எண்கள் பொருட்டே இல்லை. 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியதை நினைத்துப் பாருங்கள். அப்படி ஒரு மழைக்குப் பிறகு மரம் விழுந்து, கரண்ட் போய், டவர் எத்தனை நாள் படுத்திருக்கும்? அந்த ஈவென்ட்டுகள் கதவு தட்டும்போது கெடு முடிந்திருக்கும். யாரும் இலை போடவில்லை என்று வரைபடம் காட்டும். மழையால் போடவில்லையா, போட்டும் வந்து சேரவில்லையா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

சோதித்துப் பார்க்க ஒரே வழிதான். ஒரு போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, எடையைக் குறித்துவிட்டு அலமாரியில் ஆறு நாள் வையுங்கள். ஏழாம் நாள் எடுத்து சிக்னல் கொடுங்கள். அந்த ஈவென்ட் வந்ததா, எந்தத் தேதியில் உட்கார்ந்தது, இரண்டு தடவை வந்துவிட்டதா என்று பாருங்கள். விற்பனைக்காரர் சூமில் காட்டும் டெமோவில் இது வராது. அவர் காட்டுவது கற்பனைக் கடை. அங்கே சிக்னல் போவதே இல்லை.

‘எப்போது’ முடிந்தது. ‘யார்’ என்பதற்கு அந்தப் பெண்ணே வந்தாள். “சார், எங்க ஹட்டியில நெறைய பேர் ஏஜென்ட்கிட்டதான் இலை போடுவாங்க. அவரே நாப்பது பேர் எடையையும் அவர் போன்ல போட்டுடுவாரு.” அப்படியானால் கருவியின் கண்ணுக்கு அது ஒரே ஆள். பின்னால் நாற்பது குடும்பம். அவர் ஒருநாள் ஆப்பைத் தூக்கியெறிந்தால் கணக்கில் ஒருவர் குறைவார், ஊரில் நாற்பது பேர் போய்விடுவார்கள். போன் வைத்திருப்பவர் ஒருவர், எடை யாருடையது என்பது இன்னொருவர் என்று இரண்டு அடுக்காக ஈவென்ட்டில் எழுத வேண்டும். இதை ‘குழு’ என்ற பெயரில் சில கருவிகள் தருகின்றன. சிலவற்றில் அதற்குத் தனிக் காசு.

‘என்ன’ என்பதில் பெயர்தான் எல்லாம். குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு வரும் தேயிலையை ருசி பார்க்கும் அறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளைப் பீங்கான் கோப்பைகள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றிலும் ஒரே எடைத் தூள், ஒரே அளவு தண்ணீர், ஒரே நிமிடக் கணக்கு. இதற்குச் சர்வதேசத் தரமே உண்டு: ஐஎஸ்ஓ 3103. 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிடம். இதற்கு மூலமான பிரிட்டிஷ் தரத்துக்கு 1999-இல் கேலிப் பரிசான இக் நோபல் கொடுத்துச் சிரித்தார்கள். சிரிக்கலாம், ஆனால் ஒரு கோப்பையில் 4 நிமிடம், இன்னொன்றில் 8 நிமிடம் விட்டால் எது நல்ல தேயிலை என்று எந்த நாக்காலும் சொல்ல முடியாது. ஆண்ட்ராய்டில் ஒருவர் ‘எடை சேமித்தது’ என்று எழுதி, ஐபோனில் இன்னொருவர் ‘எடைப் பதிவு’ என்று எழுதினால் நடப்பதும் அதுதான். பத்துப் பதினைந்து ஈவென்ட் போதும். ஒரு தாளில் பெயர், எப்போது பதியும், கூட என்ன விவரம் வரும் என்று எழுதி ஒட்டுங்கள். தாளில் இல்லாத ஈவென்ட்டைச் சேர்க்க ஒருவருக்குத்தான் அதிகாரம்.

“எதையும் எழுத வேண்டாம், எல்லாத்தையும் தானா பிடிச்சுக்கும்னு ஹீப்ங்கிற கருவியில சொல்றாங்களே?” பிடிக்கும். போஸ்ட்ஹாகிலும் அந்த வசதி உண்டு. முதல் மாதம் சுகமாக இருக்கும். பிறகு திரையை மாற்றி அமைத்தால் பழைய பொத்தானும் புதுப் பொத்தானும் வேறு வேறு ஆளாகிவிடும். துருவிப் பார்க்க அதை வைத்துக்கொள்ளலாம். நம்பிக் கணக்கெழுத முடியாது.

காசு. சில கருவிகள் ஈவென்ட் எண்ணிக்கைக்கு வாங்கும், சில ஆள் எண்ணிக்கைக்கு. 3,000 பேர், மாதம் 10 தடவை திறந்து, ஒவ்வொரு தடவையும் 12 ஈவென்ட் என்று தாராளமாகவே போட்டாலும் 3,60,000. போஸ்ட்ஹாக் மாதம் 10 லட்சம் வரை இலவசம் என்கிறது. மற்றவற்றிலும் இந்த அளவுக்குப் பெரிய செலவு இருக்காது. விலைப்பட்டியல் அடிக்கடி மாறும், எடுக்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்த சர்வரில் ஓட்டலாமே என்றால், மட்டோமோ போன்ற எளியது ஓடும். போஸ்ட்ஹாகை வைத்து ஓட்டுவதென்றால் கிளிக்ஹவுஸ், காஃப்கா என்று கூடவே ஓடும் மென்பொருள்களைப் பார்த்துக்கொள்ளவே ஓர் ஆள் வேண்டும். ஐந்து பேரில் ஒருவரை அதற்குத் தாரை வார்க்காதீர்கள். கிளெவர்டேப், மோஎங்கேஜ் இரண்டும் நம் நாட்டில் பிறந்தவை, நல்லவை. ஆனால் அவற்றின் முதல் வேலை பயனாளருக்குச் செய்தி அனுப்பி இழுத்து வருவது. 14 நாள் வட்டக்காரரைத் தினமும் மணியடித்துக் கூப்பிட்டால் ஆப்பை அழித்துவிடுவார்.

சட்டமும் இருக்கிறது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி என்ன எடுக்கிறோம் என்று சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பும் தர வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் நடத்தையைத் தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது; வீட்டுப் பிள்ளைதான் அப்பாவுக்காக எடையைத் தட்டுகிறது என்றால் யோசிக்க வேண்டிய விஷயம். இந்தச் சட்டத்தை மீறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். போன் நம்பரை அடையாளமாக வெளியே அனுப்பாதீர்கள். பொருளில்லாத ஓர் எண்ணைக் கொடுங்கள். திரையையே வீடியோ மாதிரி பதிவு செய்யும் வசதியை எடுத்தால், வங்கிக் கணக்கு எண் எழுதும் கட்டத்தை முதலில் மறைத்துவிட்டுத்தான் இயக்க வேண்டும்.

“அப்ப எதை எடுக்கிறது மாமா?”

விடமாட்டான். சொன்னேன். உங்கள் கேள்விகளில் பாதிக்கு எந்தக் கருவியும் வேண்டாம். யார் எப்போது எத்தனை கிலோ போட்டார் என்பது உங்கள் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்திலேயே இருக்கிறது. அதன்மேல் மெட்டபேஸ் என்ற வரைபடக் கருவியைப் போட்டு, வட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று இன்றைக்கே ஒரு வரைபடம் எடு. மிச்சம் இருப்பது, எடையைப் போட வந்து பாதியில் விட்டவர்களின் கதை. அதற்கு மட்டும் போஸ்ட்ஹாக், மிக்ஸ்பேனல் இரண்டையும் ஒரே ஃபனலோடு இரண்டு வட்டம் ஓட்டிப் பார். நம்ம ஊர்க் கம்பெனிதான் வேண்டும் என்றால் மொபைல் ஆப்புக்கென்றே ஸோஹோவில் ஆப்டிக்ஸ் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள். ஆறு நாள் அலமாரியில் கிடந்த போனை எது சரியாகச் சேர்த்துக்கொள்கிறதோ அதை எடு. என் கை மிக்ஸ்பேனல் பக்கம் சாய்கிறது, இடைவெளியை வெட்டிக்கொள்ளும் வசதிக்காக. அந்த 5 நாள் கெடுவுக்கு நீ இறக்குமதி வாசலைக் கட்ட வேண்டியிருக்கும்.

அவன் அட்டவணையைச் சேமிக்காமலே மூடினான்.

கோத்தகிரி பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று அந்தப் பெண் எழுந்தாள். மஞ்சு கொஞ்சம் விலகியிருந்தது. அவள் போன் சிணுங்கியது. வீட்டுக் கணக்கில் அவளும் சேர்ந்திருப்பதால் அப்பா எடை போட்டால் இவளுக்கும் தெரியும். எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். 62 கிலோ. கீழே நேரம்: மாலை 4.45. கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். அதுவும் 4.45.

மாப்பிள்ளை போனை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தான்.

“லாரி ரெண்டு மணிக்கே வந்து இலையை எடுத்துட்டுப் போயிடும் சார்,” என்றாள் அவள். “அப்பா இந்நேரம் வீட்டுல உக்காந்து டீ குடிச்சிட்டிருப்பாரு.”